முதலில் ரசீது கொடுங்கள், நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

இணையவழிக் கற்றல் தளத்தைச் சீரமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். தளத்தை முழுசாக மாற்றப் போகிறீர்கள் என்று சுற்றறிக்கை வந்தது. புதிய தோற்றம், புதிய நிறங்கள், இருட்டுத் திரை வசதி, கேட்டதற்குப் பதில் சொல்லும் சாட்பாட், முகப்பில் துணைவேந்தரின் காணொளி வாழ்த்து என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருந்தீர்கள். மாணவர்கள் கருத்துச் சொல்லலாம் என்று கடைசி வரியில் ஒரு படிவமும் இருந்தது. அந்தப் படிவம் 200 எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை. தமிழில் ‘தி’ என்று அடித்தால் நமக்கு ஒரு எழுத்து, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் அது இரண்டு குறியீடு. அதை இரண்டாகவே எண்ணுகிற படிவத்தில் 200 என்பது தமிழுக்கு ஏறக்குறைய நூற்றுச் சொச்சம்தான். வணக்கம் சொல்லி, பதிவு எண்ணை எழுதுவதற்குள் பெட்டி நிரம்பிவிட்டது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

நான் சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். உங்களிடம் இணையவழியில் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேலை ஐரோலியில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங். அடுத்தவர் கட்டியதை எங்கே தட்டினால் உடையும் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே இந்த மடலில் பாதி மாணவியின் புலம்பல், பாதி தொழில் புத்தி. எது எது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் இருப்பவளுக்குத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் தளத்தைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று யாராவது நினைக்கலாம். இந்த ஊரில் மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் உண்டு. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் தமிழ்வழியில் படித்து வளர்ந்தவர்கள் ஏராளம். பள்ளிக்கு மேல் தமிழில் படிக்க வேண்டும் என்றால் வழி குறுகிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியைத் தங்கள் மாநில எல்லைக்குள்தான் நடத்தலாம், இங்கே படிப்பு மையம் வைக்க முடியாது. இணையவழிப் படிப்புக்கு மட்டும் 2020 ஒழுங்குமுறையில் அந்த எல்லை கிடையாது. அந்தச் சந்தில்தான் நாங்கள் உள்ளே வந்தோம். உள்ளூர் மாணவனுக்குத் தளம் படுத்துவிட்டால் பஸ் ஏறிப் போய் அலுவலக ஜன்னலில் நின்று கேட்க முடியும். எங்களுக்கு ஜன்னல், வகுப்பறை, நோட்டீஸ் போர்டு எல்லாமே அந்தத் தளம்தான்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாருக்காகத் தளம் கட்டுகிறீர்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா. நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ் அக்கா ஒருவர். தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். டோம்பிவிலியில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் நின்றபடியே பாடம் கேட்கும் ஒருவர். செம்பூரில், வங்கியில் ஓய்வுபெற்ற பிறகு ஆசைக்குப் படிக்கும் ஒரு சார். முலுண்டில் பார்வையில்லாத தம்பி ஒருவன், குழுவிலேயே அதிகம் படித்தவன் அவன்தான். இவர்களில் மடிக்கணினி உள்ளவர்கள் நானும் அந்த வங்கி சாரும் மட்டுமே. மற்ற எல்லாருக்கும் போன்தான், அதிலும் மூன்று நான்கு வருஷம் பழைய போன், திரையில் கீறல் விழுந்த போன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரே ஒரு மாற்றம்தான் கேட்கலாம் என்றால், அசைன்மென்ட் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தளம் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பேன்.

இப்போது நடப்பது இது. கையால் எழுதுகிறோம், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுக்கிறோம், பிடிஎஃப் ஆக்குகிறோம், கோப்பைத் தேர்ந்தெடுத்து ‘சேமி’ என்பதை அழுத்துகிறோம். ஒரு வட்டம் சுற்றுகிறது. எவ்வளவு போனது, எவ்வளவு பாக்கி என்று எதுவும் கிடையாது. சுற்றி முடித்ததும் பழைய பக்கத்துக்கே வந்து நிற்கிறது, அதில் கோப்பின் பெயர் தெரிகிறது. பெயரே வந்துவிட்டதே, முடிந்தது என்று எல்லாரும் போனைக் கீழே வைக்கிறார்கள். ஆனால் முடியவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில், அட்டவணையை எல்லாம் தாண்டி, சாம்பல் நிறத்தில் ‘சமர்ப்பி’ என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. அதையும் அழுத்தினால்தான் அது ஆசிரியருக்குச் சமர்ப்பித்ததாகக் கணக்கு. அழுத்தாவிட்டால் ‘வரைவு’ என்ற நிலையில் அப்படியே கிடக்கும், கெடு முடிந்ததும் கதவு சாத்திவிடும். கணினித் திரையில் அந்தப் பொத்தான் ஒருவேளை கண்ணில் படலாம். போனில் மூன்று முறை விரலால் தள்ளிவிட்டுப் பார்த்தால்தான் படும். முடிந்த வேலைக்கு எவர் தள்ளிப் பார்ப்பார்?

நர்ஸ் அக்கா டியூட்டிக்கு நடுவில், டீ குடிக்கிற இடைவெளியில் ஏற்றினார். அது வரைவாகவே நின்றது. இன்டர்னல் மார்க் வந்தபோது அந்தப் பாடத்தில் ‘வரவில்லை’ என்று இருந்தது. மின்னஞ்சல் போட்டார். தேர்வு முடிவெல்லாம் வந்த பிறகு ஒரு வரி பதில் வந்தது: தளத்தில் சமர்ப்பித்த பதிவு இல்லை. பதிவு இல்லைதான், யார் மறுத்தார்கள்? ஆனால் கோப்பு அங்கேயே, உங்கள் சர்வரிலேயே, கெடுவுக்கு முந்திய தேதியோடு கிடந்தது. அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் பயன்படுத்துவது மூடில் என்ற இணையவழிக் கற்றல் மென்பொருள் என்பது முகவரிப் பட்டியைப் பார்த்தாலே தெரியும். அதை நான் குறை சொல்லவில்லை, நல்ல மென்பொருள். மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தொடங்கி, 2002-இல் முதல் பதிப்பு வந்தது, கட்டற்ற மென்பொருள், உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் ஓடுகிறது. அதில் மாணவர் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும் என்பது ஒரு அமைப்பு. மென்பொருள் வரும்போது அது ‘இல்லை’ என்ற நிலையில்தான் வரும். உங்கள் பக்கத்தில் யாரோ அதை ‘ஆம்’ என்று மாற்றியிருக்கிறார்கள். கடைசி நேரம் வரை திருத்திக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணமாகக்கூட இருக்கலாம். அதேபோல், சமர்ப்பித்ததும் மாணவருக்கு ஒப்புகை அனுப்பும் வசதியும் மூடிலிலேயே இருக்கிறது. எங்களில் யாருக்கும் அப்படி ஒரு மின்னஞ்சல் வந்ததே இல்லை. ஆக இதற்குப் புதுத் தளம் எதுவும் தேவையில்லை. நிர்வாகி ஒருவர் இரண்டு அமைப்புகளை மாற்றினால் போதும், டெண்டர்கூட வேண்டாம்.

ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் போட்டால் கையில் ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. 2025-இல் பதிவுத் தபாலையே ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அப்போதும் அந்தச் சீட்டை மட்டும் நிறுத்தவில்லை. எங்களுக்கும் அது போதும். என்ன பாடம், எத்தனை பக்கம், எத்தனை மணிக்கு, ஒரு எண். குறுஞ்செய்தியாக வந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நெட் இல்லாத இடத்திலும் அது வரும். இப்போது கெடு நாளன்று இரவு எங்கள் குழுவைப் பார்த்தால், எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு “இது போயிடுச்சான்னு பாருங்க” என்று என்னைக் கேட்கிறார்கள். உங்கள் தளத்தின் ஒப்புகைச் சேவையைச் சம்பளம் இல்லாமல் நான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த இரண்டு எம்பி. கோப்பு இரண்டு எம்பி-க்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கிறீர்கள். இன்றைய போனில் ஒரு போட்டோவே மூன்று, நான்கு எம்பி வரும். பன்னிரண்டு பக்க அசைன்மென்டை இரண்டு எம்பி-க்குள் திணிக்க வேண்டும் என்றால் எழுத்து மங்கியே தீரும். மங்கினால் திருத்துபவர் ‘கையெழுத்து தெளிவில்லை’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைக்கிறார். அதோடு, சுருக்குவதற்காக எல்லாரும் கூகுளில் தேடி, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இணையதளங்களில் தங்கள் பெயரும் பதிவு எண்ணும் போட்ட தாளை ஏற்றுகிறார்கள். அது எங்கே போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

இந்த இரண்டு எம்பி எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. மூடில் எழுதப்பட்டது பிஎச்பி மொழியில். பிஎச்பி-யை நிறுவிவிட்டு எதையும் தொடாமல் விட்டால், ஏற்றும் கோப்புக்கு அதன் உச்ச அளவு சரியாக இரண்டு எம்பி. அதாவது உங்கள் கல்விக் குழுவோ தேர்வுக் குழுவோ உட்கார்ந்து பேசி முடிவெடுத்த எண்ணாக இது இருக்க வாய்ப்பில்லை. யாரும் எடுக்காத ஒரு முடிவுக்கு நூற்றுக்கணக்கான பேர் ஒவ்வொரு செமஸ்டரும் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறோம். சர்வரில் இடம் இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள், பேசலாம். மேலும், கோப்பு பெரிது என்றால் தேர்ந்தெடுத்த உடனே சொல்ல வேண்டும். முழுசும் ஏற்றி, டேட்டாவைத் தின்றுவிட்டு, கடைசியில் ஒரு எண்ணைப் பிழை என்று காட்டுவது, அதுவும் ஆங்கிலத்தில் காட்டுவது, என்ன நியாயம்?

எங்கள் தொழிலில் மென்பொருள் பயன்படுத்த எளிதாக இருக்க யாக்கோப் நீல்சன் என்ற வல்லுநர் 1994-இல் தொகுத்த பத்து விதிகளை எல்லாரும் கைக்குள் வைத்திருப்பார்கள். அதில் முதல் விதியே, இப்போது என்ன நடக்கிறது என்று கருவி பயனருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான். பத்து விநாடிக்கு மேல் ஒரு வேலை இழுக்குமானால் எவ்வளவு முடிந்தது என்று காட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார் என்றும் அவரே எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்கள் வேறு வேலைக்குப் போவதில்லை, பயத்தில் மறுபடி மறுபடி அழுத்துகிறார்கள். உங்கள் சர்வர் கெடு இரவில் மூச்சுத் திணறுவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

கெடு என்றதும் ஞாபகம் வருகிறது. இரவு 11.59 என்று வைக்கிறீர்கள். ஜூலை மாதம் ஒரு நல்ல மழை பெய்தால் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் தண்டவாளம் முழுகிவிடும், லோக்கல் ரயில் நின்றுவிடும், வீடு வந்து சேர நள்ளிரவு ஆகும். மழைக்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தாமதமாக வந்தால் சில மதிப்பெண் குறைத்து வாங்கிக்கொள்ளும் வழி மூடிலில் இருக்கிறதே, கெடு வேறு, கதவு சாத்தும் நேரம் வேறு என்று இரண்டு தேதி வைக்கலாமே. இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டு ‘தளம் ஏற்கவில்லை’ என்று தளத்தின் மேல் பழி போடுகிறீர்கள்.

உள்ளே நுழைவதே ஒரு தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறீர்கள், அதை ஒட்டவும் விடுவதில்லை, ஒவ்வொரு எழுத்தாகத்தான் அடிக்க வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறீர்கள். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது: காரணமில்லாமல் காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள், ஒட்டுவதைத் தடுக்காதீர்கள் என்று. மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள். பாதிப் பேர் போன் அட்டையின் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், நானே பார்த்தேன்.

நுழைந்த பிறகு பட்டியலைப் பாருங்கள். கல்விப் பிரிவு, தேர்வுப் பிரிவு, நிதிப் பிரிவு, மாணவர் நலப் பிரிவு. இது உங்கள் கட்டடத்தில் எந்த மாடியில் எந்த அறை என்பதற்கான பலகை. மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968-இல் எழுதினார், ஒரு நிறுவனம் கட்டும் அமைப்பு அந்த நிறுவனத்தின் உள் தொடர்புகளின் நகலாகத்தான் அமையும் என்று. உங்கள் தளத்தைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றும். படிப்புக் கட்டணம் ஓரிடம், தேர்வுக் கட்டணம் வேறிடம், அதற்குத் தனி லாகின், ரசீதுக்கு மூன்றாவது இடம். டோம்பிவிலி அக்கா படிப்புக் கட்டணத்தைக் கட்டிவிட்டு எல்லாம் கட்டியாகிவிட்டது என்று இருந்தார், ஹால் டிக்கெட் வரவில்லை. மாணவர் தளத்தைத் திறப்பது நான்கைந்து விஷயத்துக்குத்தான்: அடுத்த வகுப்பு எப்போது, எந்த அசைன்மென்ட் பாக்கி, பாடம் எங்கே, மார்க் வந்ததா, பணம் எவ்வளவு கட்ட வேண்டும். திறந்ததும் இவை தெரியட்டும். துணைவேந்தரின் வாழ்த்து கீழே எங்காவது இருக்கட்டும், நேரம் கிடைக்கும்போது கண்டிப்பாகப் பார்க்கிறோம்.

பாடக் காணொளிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எங்கள் பணம் போகிறது. பாடங்கள் நன்றாக இருக்கின்றன, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுந்தொகை நடத்திய அம்மாவுக்காகவே நான் இந்தப் படிப்பைத் தொடர்கிறேன் என்றால் மிகையில்லை. ஆனால் அவர் பேசுவதை ஒரே தரத்தில், உயர்ந்த தரத்தில் மட்டும் ஏற்றியிருக்கிறீர்கள், ஒரு மணி நேரப் பாடம் ஒரு ஜிபி-யைத் தாண்டிவிடுகிறது. எங்கள் குழுவில் பலர் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் ரீசார்ஜில் இருப்பவர்கள். ஒரு பாடம் பார்த்தால் அன்றைய டேட்டா தீர்ந்தது, பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு மிச்சம் இல்லை. இத்தனைக்கும் திரையில் என்ன தெரிகிறது? ஆசிரியர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் பல்கலைக்கழக இலச்சினை. எங்களுக்கு வேண்டியது அவர் குரல். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒலியாக மட்டும் கொடுத்தால் ஒரு மணி நேரம் 29 எம்பி-க்குள் அடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். சயானில் ஏறி தாணேயில் மாறி ஐரோலி போய்ச் சேர்வதற்குள் லேடீஸ் பெட்டியில் நின்றபடி ஒரு பாடத்தை முடித்துவிடலாம். காதுக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான், திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க அங்கே கையே கிடையாது.

பதிவிறக்கமும் தடை. திருடிவிடுவார்களாம். ஐஐடி-களும் ஐஐஎஸ்சி-யும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் பாடங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், பல பாடங்களுக்குப் பேச்சின் எழுத்து வடிவமும் இருக்கிறது, தமிழ் உட்பட. அவர்களுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. குறைந்தபட்சம் பாடத்தின் பெயரையாவது ஒழுங்காக வையுங்கள். ‘லெக்சர் 07 ஃபைனல் நியூ 2’ என்று ஒரு காணொளி கிடக்கிறது. அது தொல்காப்பியமா, தற்கால இலக்கியமா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும், திறந்து பார்க்க டேட்டா வேண்டும்.

எழுத்துப் பாடங்களின் நிலை இன்னும் மோசம். பாதி, பழைய அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்த படங்கள். தேட முடியாது. போன் திரையில் பெரிதாக்கினால் வரி வெளியே ஓடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே படிக்க வேண்டும். மீதியில் சில, பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்புகள். உங்கள் அலுவலகக் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரியும். எங்கள் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிந்து கிடக்கும். தமிழ் 1991-இலேயே யூனிகோடில் வந்துவிட்டது, தமிழ்நாடு அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. தமிழ்த்துறையின் பாடமே இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

முலுண்டு தம்பிக்கு இதனால் என்ன ஆகிறது என்று யோசியுங்கள். அவன் போனில் திரை வாசிப்பானை வைத்துக் கேட்டுத்தான் படிக்கிறான். யூனிகோடில் இருக்கும் தமிழை அது அழகாகப் படிக்கும். படமாக இருந்தால் ‘படம்’ என்று மட்டும் சொல்லும், பாமினி கோப்பை உளறலாக வாசிக்கும். பெயரில்லாத பொத்தான்களை ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்று சொல்லிக்கொண்டே போகும். உள்ளே நுழையும் இடத்தில் வளைந்த எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்லும் அந்தக் கேப்சாவில் ஒலி வடிவமே இல்லை. ஒவ்வொரு முறையும் அவன் யாரையாவது கூப்பிட்டுத்தான் தன் சொந்தக் கணக்குக்குள் நுழைகிறான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றே தீர்ப்பளித்தது, அது வங்கிகளின் இ-கேஒய்சி, அதாவது இணையவழி அடையாளச் சரிபார்ப்பு பற்றிய வழக்கு. உங்கள் சுற்றறிக்கையில் எட்டுப் புது வசதிகள் இருந்தன. இவனுக்கென்று ஒன்றுகூட இல்லை.

நேரக் கெடு வைத்து வெளியே தள்ளுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கலந்துரையாடல் பகுதியில் பதில் எழுத உட்கார்ந்தால், போனில் தமிழ் தட்டச்சு மெதுவாகத்தான் போகும், கால் மணி நேரத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் லாகின் பக்கத்துக்கு வந்து நிற்கிறோம், எழுதியது எல்லாம் போச்சு. இணைய அணுகல் தரமான டபிள்யூசிஏஜி என்ன சொல்கிறது என்றால், நேரம் முடியுமுன் எச்சரிக்க வேண்டும், ஒரு எளிய அழுத்தலில் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும். இது அதன் அடிப்படை நிலையிலேயே இருக்கும் விதி.

சாட்பாட் பற்றி ஒரே வரி: ஹெல்ப்டெஸ்க் போன் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, நாங்கள் எல்லாரும் வேலையில் இருக்கும் நேரம், அதை வாரத்தில் இரண்டு நாள் இரவு ஒன்பது வரை நீட்டித்தால் எந்தச் சாட்பாட்டும் வேண்டாம்.

ஆசிரியர்களையும் கேளுங்கள். அவர்களும் எங்களைப் போலத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருவர் வகுப்பிலேயே வாய்விட்டுச் சொன்னார். நூற்றுக்கணக்கான பிடிஎஃப்-களை ஒவ்வொன்றாகத் திறந்து, மார்க்கை எக்செல்லில் அடித்து, அதை மறுபடி தளத்தில் ஏற்றுகிறாராம். எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக இறக்கும் வழி மூடிலில் இருக்கிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்தாலே எங்கள் மதிப்பெண் சீக்கிரம் வரும்.

இனி, எப்படிச் செய்வது என்பது. தயவுசெய்து முதலில் நிறத்தையும் படத்தையும் காட்டி ஒப்புதல் வாங்காதீர்கள். தளத்தின் அழகான மாதிரிப் படங்களைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினால் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்கு முன் ஐந்து மாணவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவரவர் சொந்த போனோடு, அவரவர் சிம் டேட்டாவோடு. ஒரு அசைன்மென்டை ஏற்றச் சொல்லுங்கள், தேர்வுக் கட்டணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், போன வாரப் பாடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். எங்கே விரல் நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரை வைத்தே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று நீல்சன் 2000-இல் எழுதினார். அது போதாது என்று அவரோடு சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனால் இப்போதைய கணக்கு பூஜ்யம், அதற்கு ஐந்து எவ்வளவோ மேல். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘இதோ கீழே இருக்கிறதே’ என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

அந்த வேலைகளை அப்படியே டெண்டரில் எழுதுங்கள். ‘நவீனமான, பயனர் நட்பான இடைமுகம்’ என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகலாம், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்ப்பவள், தெரியும். ‘பழைய ஆண்ட்ராய்டு போனில், முதல் முறை பயன்படுத்தும் மாணவர், யார் உதவியும் இல்லாமல் அசைன்மென்டைச் சமர்ப்பித்து ரசீது பெற வேண்டும், பார்வையற்ற மாணவர் திரை வாசிப்பானோடு இதையே செய்து முடிக்க வேண்டும், முடியாதவரை கடைசித் தவணை கிடையாது’ என்று எழுதுங்கள். அப்போது பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் பொத்தானுக்குப் பெயர் வருகிறது என்று. இன்னொன்று, செமஸ்டர் நடுவில் மாற்றாதீர்கள். பழைய மார்க்குகளும் பழைய பாடங்களும் புதிய தளத்துக்கு வந்து சேர்ந்ததை நாங்களே சரிபார்க்கும்வரை பழையதையும் கொஞ்ச நாள் திறந்து வையுங்கள்.

குழுவிலிருந்து யாராவது மும்பைக்கு வர முடியுமானால் இடத்தை நான் ஏற்பாடு செய்கிறேன். தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் ஒரு அறை கிடைக்கும், தையல் பட்டறை அண்ணன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், பராமரிப்புக்காக எந்த ரயில் லைனை நிறுத்துகிறார்கள் (இங்கே மெகா பிளாக் என்பார்கள்) என்று முந்தின நாளே பார்த்துச் சொல்லிவிடுகிறேன். டீயும் வடாபாவும் எங்கள் செலவு. வர முடியாது என்றால் வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்து காட்டுகிறோம், அதற்கு மட்டும் ஒன்றரை ஜிபி-யைத் தியாகம் செய்யலாம் என்று குழுவில் ஒருமனதாக முடிவாகியிருக்கிறது.

புதுத் தளம் எப்போது வருமோ, அது உங்கள் டெண்டரின் பாடு. அடுத்த செமஸ்டரின் முதல் அசைன்மென்டுக்குள் மூன்றை மட்டும் செய்துவிடுங்கள்: ‘சமர்ப்பி’ அமைப்பை அணையுங்கள், ஒப்புகை மின்னஞ்சலைத் திறந்துவிடுங்கள், இரண்டு எம்பி-யை இருபது ஆக்குங்கள். அதோடு, போன முறை வரைவாகவே நின்றுபோன கோப்புகளில் கெடுவுக்கு முன் ஏற்றியவற்றை எடுத்துத் திருத்தக் கொடுங்கள். நர்ஸ் அக்காவின் தாள் அதில் இருக்கிறது. பதிவு எண் வேண்டும் என்றால் அவரிடம் கேட்டுத் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சயான் கோலிவாடாவிலிருந்து,
எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி